ஒரு விரலுக்கு எவ்வளவு?

(இதழியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பத்திரிகைப் பணியும் மன உறுதியும்’. அழைப்பிதழில் அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. மன உறுதி என்றால் சிறைக்குப் போனவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். கடலில் படகு கவிழ்ந்து கரையேறியவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன்? நாற்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். மற்றவர்கள் எழுதியதைத் திருத்தினேன். அவ்வளவுதான். ஆகவே தலைப்பைக் கொஞ்சம் வெட்டிக்கொள்கிறேன், கோபிக்காதீர்கள். வெட்டுவது எங்கள் தொழில். நான் பேசப் போவது சிவப்பு மையைப் பற்றி. என் எழுத்தின் மேல் முதல் முதலாக விழுந்த சிவப்பு மையைப் பற்றி.

1979. எனக்கு இருபத்திரண்டு வயது. தமிழ் எம்.ஏ. முடித்த கையோடு சென்னையில் ஒரு வார இதழில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. உதவி ஆசிரியர் என்றதும் ஊரில் என் தாய்மாமன் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இங்கே வந்தால் என்ன வேலை? வாசகர் கடிதங்களைப் பிரிப்பது, புரூஃப் பார்ப்பது, தொடர்கதை எழுதுகிறவர் வீட்டு வாசலில் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்துக்கிடப்பது. நானோ கல்லூரியில் கட்டுரைப் போட்டி என்றால் கோப்பையோடு வீடு திரும்பியவன். எனக்குள் ஒரு பெரிய எழுத்தாளன் ஏற்கெனவே குடியேறிவிட்டான். அவனுக்கு மேசைதான் கிடைக்கவில்லை.

மூன்றாவது மாதம் ஆசிரியர் கூப்பிட்டார். “பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குப் போய்ட்டு வாப்பா. வியாழக்கிழமை சந்தை. ரெண்டு பக்கம் வரணும்” என்றார். கோவைக்கு ரயில், அங்கிருந்து பஸ். போனேன், பார்த்தேன். பல ஊர் மாடுகள், தூசி, சாணி வாடை, சலங்கைச் சத்தம். இவற்றுக்கெல்லாம் நடுவில் என்னைக் கட்டிப்போட்ட காட்சி ஒன்று உண்டு. உங்களில் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தரகர் தோளிலிருந்து துண்டை எடுத்து விரிப்பார். அதற்கு அடியில் இரண்டு பேரும் கைகோத்துக்கொள்வார்கள். வாய் பேசாது, விரல்தான் பேசும். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாது. அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

இது போதாதா எனக்கு? திரும்பி வந்து ஏழு பக்கம் எழுதினேன். துண்டை ‘மர்மத் திரை’ என்றேன். விரல்களை ‘ஊமைக் கவிஞர்கள்’ என்றேன். சிரிக்காதீர்கள், அன்றைக்கு எனக்கு அது மிகப் பெரிய உவமையாகப் பட்டது. பெரியவர் ஒருவர் தன் காளையை விற்றுவிட்டு, அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றதையும் பார்த்திருந்தேன். அதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

ஆசிரியர் படித்து முடித்தார். நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன், உட்காரச் சொல்லவில்லை. அவர் கையில் சிவப்பு மைப் பேனா. முதல் பக்கத்தின் மேல் மூலையில் தொடங்கிக் கீழ் மூலை வரை ஒரே கோடு. இரண்டாவது பக்கத்துக்கும் அதே கோடு. மூன்றாவது பக்கத்தில் நின்றார். துண்டு வருகிற இடம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஒரு விரல் பிடிச்சா எவ்வளவு ரூபா?”

எனக்குத் தெரியாது, நண்பர்களே! மர்மத் திரை தெரியும், ஊமைக் கவிஞர்கள் தெரியும். ஒரு விரலுக்கு எவ்வளவு என்பது தெரியாது. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

“ரகசியம்னு எழுதிட்டே. அது அவங்களுக்கு ரகசியம் இல்லப்பா. உனக்குத்தான் ரகசியம்” என்றார். ஏழு தாளையும் சேர்த்து என் கையில் கொடுத்தார். “அடுத்த வியாழக்கிழமை அங்க இரு. பயணச் செலவு ஒரு தடவைதான் தருவாங்க, பாத்துக்க.”

அன்று ராத்திரி திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டை மாடியில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதையும் மூன்று பக்கம் எழுதினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். காலையில் படித்துப் பார்த்தபோது அதிலேயே இரண்டு பக்கம் வெட்டலாம் என்று தோன்றியது. அந்த எரிச்சலில் கிழித்துப் போட்டுவிட்டேன். அறை நண்பனிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு மறுபடியும் கோவை ரயில் ஏறினேன்.

அதே தரகர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். “என்னங்க தம்பி, மறுபடியும் வந்துட்டீங்க?” கேள்வியைச் சொன்னேன். சிரித்தார். “அத வாயில சொன்னா உங்களுக்கு விளங்காதுங்க. கையக் குடுங்க” என்று துண்டை விரித்து என் வலது கையை உள்ளே இழுத்துக்கொண்டார். சொரசொரப்பான கை. என் சுட்டுவிரலைப் பிடித்து அழுத்தினார். “இது ஒண்ணு. ஒண்ணுன்னா நூறா ஆயிரமா? மாட்டப் பாத்தீங்கல்ல, அது உங்களுக்கே தெரியோணும். தெரியாதவன் துண்டுக்குள்ள கைய உடக் கூடாதுங்க.”

மாட்டைப் பார்த்தவனுக்குத்தான் விரலின் மதிப்பு தெரியும். போன வாரம் முழுநாளும் சந்தையில் நின்ற நான் ஒரு மாட்டையாவது பல் பிடித்துப் பார்த்தேனா? சுழி பார்த்தேனா? இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். இதற்கு மன உறுதி என்று பெயரா? திட்டு வாங்கியவன் திரும்பிப் போனான், அவ்வளவுதானே? ஆமாம், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டாவது ரயிலில் ஏறுவதற்குத்தான் எத்தனை பேருக்கு மனம் வருகிறது? முதல் தடவை போவதற்கு ஆர்வம் போதும். கோப்பை வாங்கிய கர்வம்கூடப் போதும். இரண்டாவது தடவை போவதற்கு அவை இரண்டும் உதவாது.

பிறகு எது உதவும்? பாரதியைச் சொல்கிறேன். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்துவிட்டு, அந்த ஆண்டின் கடைசியில் சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் சேருகிறார். ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், 1878-ல் இந்துப் பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். எட்டயபுரத்தில் சிறு வயதிலேயே பாரதி என்று பட்டம் பெற்ற கவிஞருக்கு அங்கே என்ன வேலை? பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் செய்திகள், தலைவர்களின் ஆங்கிலப் பேச்சுகள். நாள்தோறும் அதே வேலை. 1906-ல் ‘இந்தியா’ வார இதழுக்குப் போன பிறகு அவர் உரைநடையில் ஒரு வேகம் தெரிகிறதே, அது வானத்திலிருந்தா குதித்தது? சுதேசமித்திரன் மேசையில் ஆங்கிலத் தாளையும் தமிழ்த் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த நாட்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. மாற்றுக் கட்சிக்காரர்கள் தேநீர் இடைவேளையில் வாருங்கள், பேசலாம்.

இன்னொரு பையனின் கதை. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் லிஸ்பன் என்ற சிற்றூர். பள்ளி ஆசிரியர்களைக் கேலி செய்து சொந்தமாகப் பத்திரிகை போட்டு மாட்டிக்கொண்ட மாணவன் ஒருவன். இவனை எப்படித் திருத்துவது? உள்ளூர் வாரப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுத அனுப்பினார்கள். சொல்லுக்கு அரை சென்ட் கூலி. சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் பையன் என்ன செய்வான்? சொல்லை நீட்டத்தானே பார்ப்பான்? கூடைப்பந்து ஆட்டம் பற்றி எழுதிக்கொண்டு போனான். ஆசிரியர் ஜான் கூல்ட் அவன் கண்முன்னாலேயே பேனாவை எடுத்து வெட்டினார். அங்கே சிவப்பு மை இல்லை, கறுப்புப் பேனா. பள்ளியிலும் கல்லூரியிலும் எத்தனையோ இலக்கிய வகுப்புகளில் உட்கார்ந்தும் கிடைக்காதது அந்தப் பத்து நிமிஷத்தில் கிடைத்தது என்று அந்தப் பையன் பின்னாளில் எழுதினான். பையன் பெயர் ஸ்டீபன் கிங். உலகத்தையே பயமுறுத்திய கதைகளை எழுதியவர். எழுத்துத் தொழிலைப் பற்றி 2000-ல் அவர் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது.

கவனியுங்கள். கண்முன்னால் வெட்டினார். இது முக்கியம். எந்தச் சொல் போனது, எந்தச் சொல் நின்றது, பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்றைக்கு உங்கள் கட்டுரை எங்கே திருத்தப்படுகிறது? எங்கோ ஒரு கணினியில். மறுநாள் பிரசுரமானதைப் பார்க்கிறீர்கள். நான்கு பத்தி காணாமல் போயிருக்கிறது. எது போனது, ஏன் போனது, ஒன்றும் தெரியாது. வெட்டின தழும்பே இல்லாத வெட்டு! உங்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

எங்கள் காலத்தில் தழும்பு நன்றாகவே தெரியும். எங்கள் இதழ் அன்றைக்கும் கையால் அச்சுக் கோத்த இதழ். அச்சுக்கூடத்தில் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். இடது கையில் எழுத்துகளை அடுக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துகள் கிடக்கும் கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் போய்ப் போய் வரும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இங்கன வந்து நில்லுங்க. ‘மிகவும்’னு நிறைய எழுதுதீயளே, அத நான் எப்படிக் கோக்கேன்னு பாருங்க.” மி, க, வு, ம். நான்கு தடவை கை போய் வந்தது. “இப்ப எடிட்டரு அத வெட்டுதாரு. என்ன செய்யணும்? நாலையும் எடுக்கணும். வரி தளந்து போவும். அடுத்த வரியில இருந்து சொல்ல ஏத்தணும். அதுக்கு அடுத்த வரி தளரும். பாரா முடியுத மட்டும் இப்படியே ஓட்டணும். உங்களுக்கு ஒரு சொல்லு, எனக்கு ஒரு பாரா.”

அதற்குப் பிறகு ‘மிகவும்’ எழுதக் கை நீளும்போதெல்லாம் அண்ணாச்சியின் விரல்கள்தான் கண்முன் வரும். ஆசிரியர் வெட்டினால் கோபம் வரும். அண்ணாச்சி சொன்னபோது வெட்கம் வந்தது. கோபத்தைவிட வெட்கம் நன்றாக வேலை செய்தது.

நண்பர்களே, இதுவரை கேட்டதை வைத்து, திருத்துகிறவர் எவ்வளவு முரடாக இருக்கிறாரோ அவ்வளவு நல்லது என்று யாரும் எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். அதைச் சொல்ல நான் வரவில்லை. கண்டிப்பு என்ற பெயரில் நடக்கும் அக்கிரமத்தையும் பார்த்திருக்கிறேன். கூட நின்றிருக்கிறேன், அதுதான் வருத்தம்.

சில ஆண்டுகள் கழித்து வேறொரு பத்திரிகைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கோபக்காரர் என்று பெயரெடுத்தவர், அந்தப் பெயரில் அவருக்குப் பெருமை வேறு. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கட்டுரை கொண்டுபோனாள். பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் நான்கு வரி படித்தார். “இதெல்லாம் எழுத்தா?” என்று தாள்களை வீசினார். மின்விசிறிக் காற்றில் அவை அறை முழுக்கப் பறந்தன. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. நானும்தான். அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். பிறகு எங்கேயும் அவள் பெயரை நான் அச்சில் பார்க்கவில்லை.

அவள் பொறுக்கி வைத்த தாள்களை மறுநாள் நான் வாங்கிப் படித்தேன். ஐந்தாவது பக்கத்திலிருந்து கட்டுரை நன்றாக இருந்தது. முதல் நான்கு பக்கத்தை வெட்டியிருந்தால் போதும். யார் வெட்டுவது? நான்கு வரிக்கு மேல் படிக்காதவருக்கு ஐந்தாவது பக்கம் எப்படித் தெரியும்?

என் முதல் ஆசிரியரும் கடுமையானவர்தான். நிற்கவைத்தார், கைக்காசைப் போட்டு ஊருக்குப் போகவைத்தார். ஆனால் என் ஏழு பக்கத்தையும் கடைசி முற்றுப்புள்ளி வரை படித்தார். கோடு போட்ட பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போட்டார். பேனா என் தாளில் இருந்தது. ஒருநாளும் என் மேல் பாய்ந்ததில்லை. இந்த இரண்டு பேரையும் ‘ஸ்ட்ரிக்ட்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

சரி, நன்றாகப் படித்து, நன்றாக வெட்டுகிற ஆசிரியரிடமாவது எப்போதும் தலை குனிய வேண்டுமா? இதற்கும் ஒரு கதை இருக்கிறது. ரேமண்ட் கார்வர் என்ற அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர். அவருடைய பதிப்பாசிரியர் கோர்டன் லிஷ், சாதாரண ஆள் அல்ல. 1981-ல் வெளிவந்த கார்வரின் தொகுப்பில் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், புத்தகத்தை நிறுத்துங்கள் என்று கெஞ்சி லிஷுக்குக் கார்வர் கடிதம் எழுதினார். புத்தகம் நிற்கவில்லை. வெட்டிய வடிவத்திலேயே வந்தது, கார்வரைப் புகழின் உச்சிக்கும் கொண்டுபோனது. விசித்திரம் பாருங்கள், அடிபட்ட புத்தகமே அவருக்கு வாழ்வு கொடுத்தது.

அதில் ஒரு கதை. பிறந்தநாளன்று சிறுவன் ஒருவன் கார் மோதி மருத்துவமனையில் கிடக்கிறான். அம்மா ஏற்கெனவே கேக்குக்குச் சொல்லியிருந்தாள். யாரும் வாங்க வராததால், எதுவும் தெரியாத பேக்கரிக்காரன் கோபத்தில் வீட்டுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறான். வெட்டிய வடிவம் ஒரு போன் அழைப்போடு சட்டென்று முடிந்துவிடும். நெஞ்சு உறையும். ஆனால் கார்வர் எழுதியது அத்தோடு முடிவதில்லை. பையன் இறந்த பிறகு அப்பாவும் அம்மாவும் கோபமாகப் பேக்கரிக்குப் போகிறார்கள். அந்த மனிதன் அவர்களை உட்காரவைத்துச் சூடான ரொட்டி கொடுக்கிறான். விடியும்வரை மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முழு வடிவத்தை 1983-ல் வந்த அடுத்த தொகுப்பிலேயே கார்வர் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். சண்டை போட்டாரா, வசை பாடினாரா? இல்லை. தன் கதையை அச்சில் மறுபடி வைத்தார். 1988-ல் அவர் இறந்தார். வெட்டாத மூலக் கதைகள் முழுவதும் 2009-ல் தனிப் புத்தகமாக வந்தன.

எது சிறந்த வடிவம்? இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். நான் ரொட்டிப் பக்கம். ஆனால் லிஷின் கத்தி விழாமல் இருந்திருந்தால் அந்த ரொட்டி தனக்கு இவ்வளவு முக்கியம் என்று கார்வருக்கே தெரிந்திருக்குமா? அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பொள்ளாச்சிக்கு வருகிறேன். நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இரண்டாவது தடவை போய்வந்து கட்டுரையைத் திருப்பி எழுதினேன். நான்கு பக்கம்தான். விரல் கணக்கு இருந்தது, பல் பார்ப்பது இருந்தது, தரகு எவ்வளவு என்பது இருந்தது. மர்மத் திரை வெறும் துண்டாகிவிட்டது. ஆனால் காளையின் நெற்றியைத் தடவிய அந்தப் பெரியவரை மட்டும் விட மனம் வரவில்லை. ஒரு பத்தியாகச் சுருக்கி உள்ளே வைத்துவிட்டேன். அது அச்சுக் கோத்து, காலி புரூஃப் வரைக்கும், அதாவது பக்கம் கட்டுவதற்கு முந்தைய மெய்ப்பு வரைக்கும் வந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு ஆசிரியர் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: ‘ஏன் விற்றார்?’

நான் சொன்னேன்: “தேடினேன் சார். இந்த வாரம் அவர் வரல.”

“போன வாரம் பக்கத்துலயே நின்னியே, அப்ப கேட்டியா?”

“இல்ல சார்.”

பத்தி முழுவதையும் அடித்துவிட்டார். முனகிக்கொண்டே அண்ணாச்சி வரிகளை ஓட்டினார். நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டுரை இரண்டு பக்கம் வந்தது. அதிகம் கடிதமும் வரவில்லை, பாராட்டும் வரவில்லை.

அந்தக் காலி புரூஃபை இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978-லேயே வந்துவிட்டாலும், எங்கள் அச்சுக்கூடத்துக்குப் புது எழுத்து வந்து சேரவில்லை. ஆகவே தும்பிக்கை போட்ட பழைய ‘லை’யை அதில் பார்க்கலாம். தாள் பழுத்து ஓரம் உதிர்கிறது. சிவப்பு மை மட்டும் மங்கவில்லை. வெளியே வாசல் பக்க மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள். பெரியவரைப் பற்றிய அந்தப் பத்தி சுமாராகத்தான் இருக்கும். அவர் எந்த ஊர்க்காரர், ஏன் விற்றார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.